பூசலாரின் கோயிலும் வெள்ளவத்தை இளைஞனும்

இருபது வயதைக் கடந்து முப்பதை எட்டாத ஓர் இளைஞன் தன் அன்றாட வாழ்வையும் தன் மனத்தில் ஓடும் எண்ணங்களையும் எழுத முற்படும்போது அவ்வெழுத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. ஆசிரியர் ஓய்வறைகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் இதற்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ‘இது நடுத்தர வர்க்கத்தின் சோம்பல் முனகல்; வயிறு நிறைந்தவனின் மனநோய்’ என்று ஒதுக்குவது ஒன்று. ‘மனித மனம் எங்கும் ஒன்றே, இங்கே வர்க்கத்துக்கும் வரலாற்றுக்கும் என்ன வேலை?’ என்று கைகூப்பி நிற்பது மற்றையது. முன்னது நூலைப் படியாமலே தீர்ப்பு வழங்குகின்றது; பின்னது படித்த பின்னரும் தீர்ப்பு வழங்க அஞ்சுகின்றது. இரண்டுமே விமர்சனமாகா. குறிப்பிட்ட ஒரு படைப்பை எடுத்து, அதன் உள்ளே நின்று பார்த்து, பின் வெளியே வந்து அதனைச் சூழ்ந்துள்ள உலகத்தோடு பொருத்திக் காண்பதே நாம் செய்யத்தக்கது.

அதற்குப் பொருத்தமான நூலாக அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதி 2021இல் வெளிவந்த ‘எ பாஸேஜ் நோர்த்’ என்னும் நாவலை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். வடக்கு நோக்கிய பயணம் என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஆசிரியர் 1988இல் கொழும்பில் பிறந்த தமிழர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தத்துவம் பயின்றவர். போரின் இறுதி நாட்களை ஒரு முகாமில் நிகழும் திருமணத்தின் வாயிலாகச் சித்திரித்த அவரது முதல் நாவல் 2016இல் வெளிவந்தது. இரண்டாவதான இந்நாவல் 2021ஆம் ஆண்டின் புக்கர் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் பரிசுப் பட்டியல் நமது அக்கறைக்குரியதன்று. வெள்ளவத்தையில் வாழும் ஒரு தமிழ் இளைஞனின் உள்ளம் உலகின் முன் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றது. நமது மாணவர்கள் நாள்தோறும் நடக்கும் தெருவில் நடக்கும் அவ்விளைஞன் எத்தகையவன், அவன் கண்ணுக்குப் புலப்படுவதும் புலப்படாததும் யாவை என்பதே நமது அக்கறை.

கதை மிகச் சிறியது. கிருஷன் இருபதுகளின் பிற்பகுதியில் நிற்கும் இளைஞன். தாயோடும் அப்பம்மாவோடும் வெள்ளவத்தையில் வசிக்கின்றான். தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கின்றான். அப்பம்மாவைப் பராமரிப்பதற்காக அவ்வீட்டில் தங்கியிருந்து, பின் ஊர் சென்றிருந்த ராணி என்ற பெண் கிணற்றுக்குள் விழுந்து இறந்துவிட்டாள் என்ற செய்தி தொலைபேசியில் வருகின்றது. முன்பு தில்லியில் அவன் காதலித்த அஞ்சும் என்பவளிடமிருந்து நெடுநாளைக்குப் பின் ஒரு மடலும் அதே வேளையில் வந்து சேர்ந்திருக்கின்றது. மாலையில் அவன் கடலோரத்து மரைன் டிரைவ் வழியே நடக்கின்றான். மறுநாள் புகையிரதத்தில் கிளிநொச்சி செல்கின்றான். ராணியின் ஈமச்சடங்கில் கலந்துகொள்கின்றான். சிதை எரிவதைப் பார்த்து நிற்கின்றான். நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கவை இவ்வளவே. எஞ்சிய பக்கங்கள் யாவும் அவன் மனத்தில் ஓடும் எண்ணங்களே.

எண்ணங்கள் என்றதும் இது வெறும் ஆன்ம விசாரம் என்று முகஞ்சுழிக்கத் தேவையில்லை. இந்நாவலின் முதன்மையான சிறப்பு அதன் நேர்மையாகும். போர் நடந்த நிலத்துக்கு வெளியே வளர்ந்த தமிழ் இளைஞரின் மனச்சான்றை இத்துணை நுணுக்கமாகப் பரிசீலித்த படைப்புக்கள் மிகச் சிலவே. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது கிருஷன் இங்கில்லை. தில்லியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன், கணினித் திரையில் அக்கொலைகளின் படங்களையும் ஒளிப்பதிவுகளையும் தேடித் தேடிப் பார்க்கின்றான். தான் பிழைத்திருப்பது தன் முயற்சியால் அன்று, பிறந்த இடத்தின் தற்செயலால் என்ற உணர்வு அவனை அரிக்கின்றது. படிப்பைக் கைவிட்டு வடக்கே சென்று தொண்டு நிறுவனப் பணியில் சேர்கின்றான். சில காலத்தின் பின் கொழும்புக்கே திரும்புகின்றான். இக்குற்றவுணர்வை அவன் அணிகலனாகப் பூண்டு திரியவில்லை. அதனை ஐயுறுகின்றான், அதற்குள்ளும் ஒரு தன்னலம் மறைந்திருக்கக்கூடும் என்று உணர்கின்றான். மூப்பினால் வீட்டுக்குள் முடங்கிப்போன அப்பம்மா, தன் மதிப்பை இழந்துவிடாதிருக்க நடத்தும் சிறு சிறு போராட்டங்களைச் சித்திரிக்கும் பகுதிகள், முதுமை குறித்து நாம் அண்மையில் படித்தவற்றுள் சிறந்தவை எனத் தயங்காது கூறலாம்.

ஆசிரியர் நமது மரபையும் அறிந்தவர். காளிதாசரின் மேகதூதமும் பெரியபுராணத்துப் பூசலார் கதையும் கிருஷனின் சிந்தனையிற் குறுக்கிடுகின்றன. இவற்றுள் பூசலார் கதை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. திருநின்றவூரைச் சேர்ந்த பூசலார் சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பினார். பொருள் தேடி அலைந்தும் கிட்டவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கல்லும் சுண்ணமும் சேர்த்து, நாள் பார்த்து அடிநிலையிட்டு, விமானம் எழுப்பிக் கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியிலே காடவர் கோமான் கட்டிய கற்றளிக்கும் அதே நாளில் குடமுழுக்கு நிகழவிருந்தது. இறைவன் அரசனின் கனவிலே தோன்றி, பூசலாரின் கோயிலுக்குத் தான் செல்லவேண்டியிருப்பதால் நாளை மாற்றுமாறு பணித்தான் என்பது கதை.

மனத்தின் ஆற்றலுக்கும், இல்லாத ஒன்றை உள்ளத்தில் உருவாக்கும் ஏக்கத்துக்கும் இக்கதை நாவலிலே எடுத்துக்காட்டாகின்றது. போரிலே எல்லாம் அழிந்தபின், கண்ணாற் காணாத நிலத்தையும் மாந்தரையும் மனத்திலே கட்டியெழுப்ப முயலும் இளைஞனுக்கு இக்கதை பொருந்துவது இயல்பே. ஆனால் நாம் இங்கு ஒரு வினாவை எழுப்பவேண்டியுள்ளது. பூசலார் ஏன் மனத்தில் கட்டினார்? கையில் பொருள் இல்லாமையால். அவரது அகக்கோயில் வறுமையின் விளைவு. அரசனிடம் பொருள் இருந்தது, கல் சுமக்க ஆட்களும் இருந்தனர். வெள்ளவத்தைக் கிருஷனின் நிலையோ நேர்மாறானது. அவன் மனத்திலே கட்டுவதற்கு வேண்டிய ஓய்வை அவனுக்குத் தந்தது வறுமையன்று. வீட்டில் அப்பம்மாவைத் தூக்கி இருத்தவும் அவளோடு பேச்சுத்துணையாக இருக்கவும் இன்னொருத்தியின் கைகள் இருந்தன. அக்கைகள் ராணியுடையவை.

ராணி யார்? போரிலே இரண்டு ஆண்மக்களையும் பறிகொடுத்த தாய். மூத்தவன் போராளியாக மடிந்தான். இளையவன் போரின் முடிவு நெருங்கிவிட்ட தறுவாயில் எறிகணைக்கு இரையானான். அத்துயரால் மனநோயுற்று வவுனியா வைத்தியசாலையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்று வந்தவளை, அங்கே கண்ட கிருஷன் தன் வீட்டுக்கு அழைக்கின்றான். சூழல் மாறினால் அவளுக்கு நல்லது. அப்பம்மாவுக்கும் ஆள் வேண்டும். இரக்கமும் தேவையும் ஒரே சமயத்தில் நிறைவேறுகின்றன. இவ்விரண்டும் இவ்வளவு இயல்பாகப் பொருந்திப் போவதே நம்மைச் சிந்திக்கத் தூண்டவேண்டும். போரினால் நொறுங்கிய வன்னிப் பெண்ணொருத்தி, போரினின்று தப்பிய கொழும்பு வீட்டின் முதுமையைத் தாங்கும் உழைப்பாளியாகின்றாள். இது தனியொரு வீட்டின் கதையன்று. போருக்குப் பிந்திய நமது சமுதாயத்தின் பொருளாதார உறவுகளுள் ஒன்று. வீட்டுப்பணிக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வடக்கிலிருந்து பெண்கள் தெற்கே வந்த வரலாற்றை நாம் அறிவோம்.

கிருஷன் ராணியின் துயரைப் பற்றி எண்ணற்ற பக்கங்கள் சிந்திக்கின்றான். அவளுடைய துயருக்கும் தன்னுடைய துயருக்கும் இடையிலுள்ள தொலைவையும் உணர்கின்றான். ஆனால் கூலி, உழைப்பு என்ற உறவு அச்சிந்தனைகளின் நடுவிடத்துக்கு ஒருபோதும் வருவதில்லை. அவளை அவன் போரின் சாட்சியாகக் காண்கின்றான், தொழிலாளியாகக் காண்பதில்லை. அவள் எப்போது உறங்கினாள், மாத முடிவில் பெற்றதை என்ன செய்தாள், அவ்வீட்டில் எதற்கெல்லாம் அவளுக்கு வாய் திறக்க உரிமை இருந்தது என்பன போன்ற வினாக்கள், உலகத் தத்துவங்களையெல்லாம் துருவும் அவ்விளைஞனின் உள்ளத்தை ஆட்கொள்வதில்லை. துயரத்தைப் பற்றிய சிந்தனை எவ்வளவு ஆழமானதாயினும், உழைப்பைப் பற்றிய சிந்தனையோடு சேராதபோது அது அடுத்தவனைப் புனிதமாக்கித் தூரத்தில் நிறுத்திவிடுகின்றது. நாவலின் முதன்மையான குறைபாடு இதுவே என்பது நம் கருத்து.

இதனோடு தொடர்புடையது மொழி. இந்நாவலில் நேர்ப்பேச்சு இல்லை என்றே சொல்லலாம். மாந்தர் பேசியவை யாவும் நெடிய ஆங்கில வாக்கியங்களுள் கரைந்து, கிருஷனின் நினைவாகவே நம்மை வந்தடைகின்றன. ஓர் இளைஞனின் உள்முகமான உலகத்தைக் காட்ட இவ்வுத்தி பொருத்தமானதே. ஆயினும் அதனால் இழக்கப்பட்டது எது? ராணியின் வன்னித் தமிழ். அப்பம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சும் அவளது பேச்சும் ஓரறைக்குள் உரசி உறவாடிய ஓசை. ஈழத்து இலக்கிய உலகில் 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். சாதாரண மக்களின் பேச்சு வழக்கு இலக்கியத்துக்கு இழுக்கென்று பண்டிதர் சிலர் வாதாடியபோது, 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர் அவ்வழக்கின் உரிமைக்காகப் போராடினர். அன்று வென்றெடுத்த உரிமை, உழைப்பவன் தன் குரலிலேயே ஏட்டில் பேசலாம் என்பதே. இன்று அதே மக்கள் வேறொரு மொழியின் நயமான மௌனத்துள் மீண்டும் பேச்சிழந்து நிற்பதைக் காணும்போது, அப்போராட்டம் முடிந்துவிடவில்லை என்று தோன்றுகின்றது. ஆங்கிலத்தில் எழுதியது குற்றம் என்று நாம் கூறவில்லை. எம்மொழியில் எழுதினாலும் பிறர் குரலுக்கு இடம் வைப்பது எழுத்தாளனின் பொறுப்பென்றே கூறுகின்றோம்.

இனி, கிருஷன் ஏறிச்செல்லும் புகையிரதத்தைப் பார்ப்போம். கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே தமிழ் இளைஞன் பயணஞ்செய்யும் கதை நமக்குப் புதிதன்று. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு யூன் மாதத்தில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. தமிழ் எழுதுவினைஞனைத் தலைநகரத்துக்கு விரைந்து கொண்டுசெல்லும் வண்டியும், அவன் உத்தியோகத்தின் அடித்தளத்தைத் தகர்க்கும் சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தன. எஸ்.பொன்னுத்துரை 1960களில் எழுதிய ‘சடங்கு’ இப்பயணத்தையே பொருளாகக் கொண்டது. கொழும்பில் எழுதுவினைஞனாக உழலும் குடும்பத்தன் மனைவியின் அண்மையை நாடிச் சில நாள் விடுமுறையில் ஊருக்குச் சென்று, குடும்பச் சடங்குகளின் நெரிசலிலே அவ்வாசை நிறைவேறாமலே வண்டியேறித் திரும்புகின்றான். முற்போக்கு அணியிலிருந்து விலகி ‘நற்போக்கு’ என்று தனிவழி கண்டவர் பொன்னுத்துரை. அவரோடு நமக்குக் கருத்து மாறுபாடுகள் பலவுண்டு. எனினும் சம்பளமும் விடுமுறையும் வண்டி நேரமும் ஒரு மனிதனின் மிக அந்தரங்கமான ஆசையைக்கூட எவ்வாறு ஆட்சி செய்கின்றன என்பதை அந்நாவல் காட்டியது. பொருள்வயிற் பிரிவு என்று நம் அகப்பாடல்கள் பாலைத்திணையில் வைத்துப் பாடியதன் இருபதாம் நூற்றாண்டு வடிவம் அது.

கிருஷனுக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. அவன் விடுப்புக்கு அஞ்சுவதில்லை. ஆனால் அவன் செல்லும் தண்டவாளத்துக்கு ஒரு வரலாறு இருக்கின்றது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. போர் முடிந்தபின் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி மீண்டது. ‘சடங்கு’ நாயகன் வீட்டுக்குப் போனான். கிருஷன் சாவீட்டுக்குப் போகின்றான். ஒரே பாதையில் இரண்டு தலைமுறைகளுக்கிடையே நிகழ்ந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

இன்னொரு நூலையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. கொழும்பில் பிறந்து, 1958 இனக்கலவரத்தின் பின் இலண்டன் சென்று, இனவாதத்துக்கு எதிரான இயக்கத்தின் முன்னணிச் சிந்தனையாளராக விளங்கிய அ.சிவானந்தன் 1997இல் வெளியிட்ட ‘வென் மெமரி டைஸ்’ என்ற நாவலே அது. அதன் முதற்பகுதியில் வடபுலத்து வறண்ட கிராமத்திலிருந்து கொழும்புக்கு வரும் சகாதேவனும் கிருஷனைப்போல் இளைஞனே. அவனைப்போலவே தனிமையும் தடுமாற்றமும் உடையவனே. ஆனால் தொழிற்சங்கத்தில் உழைக்கும் சிங்களத் தோழர்களின் நட்பு அவனுக்குக் கிட்டுகின்றது. அந்நட்பிலே அவனது தன்னாய்வு அரசியற் கல்வியாக மாறுகின்றது. கிருஷனுக்கோ தோழர் இல்லை. அவன் காதலித்த அஞ்சும் இயக்கப்பணியில் ஈடுபட்டவள். அவளது இலட்சியத்தின் ஒளியை அவன் தொலைவிலிருந்து வியக்கின்றானேயன்றி, அவ்வழியே நடப்பதற்கு அவனது நாட்டில், அவனது தெருவில் ஓர் இயக்கம் இல்லை.

இக்குறையை அவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. வெள்ளவத்தை என்றதும் இன்று தொடர்மாடி வீடுகளும் நகைக்கடைகளும் நினைவுக்கு வருகின்றன. அதே வெள்ளவத்தை நெசவாலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கப் போராட்டங்களுள் ஒன்று. மலையாளிகளும் சிங்களவரும் தமிழரும் கலந்துழைத்த அவ்வாலைத் தொழிலாளரின் சங்கத்துக்குக் கொல்வின் ஆர்.டி.சில்வா தலைமை தாங்கினார். இரண்டாண்டின் பின் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்தனர். நாடு பிளவுபடும் என்று எச்சரித்தனர். 1964இலோ அக்கட்சி சுதந்திரக் கட்சியுடன் கூட்டுச் சேர்ந்தது. 1972இன் குடியரசு யாப்பு, சிங்களத்தின் தனி இடத்தையும் பௌத்தத்தின் முதன்மை இடத்தையும் உறுதிசெய்தது; அவ்யாப்பை உருவாக்கும் பொறுப்பை வகித்த அமைச்சர் அதே கொல்வின் ஆர்.டி.சில்வாவே. அதன் பின்னர் 1977, 1983. சகாதேவனுக்குக் கிட்டிய தோழமை கிருஷனுக்குக் கிட்டாமற் போனதன் காரணத்தை இவ்வாண்டுகளிலே தேடவேண்டும். இயக்கம் கைவிட்ட இடத்தில் இளைஞன் தன் மனத்துக்குள் ஒதுங்கினான். அவன் ஒதுங்கியதைக் கண்டிக்கும் இடதுசாரி, இயக்கம் கைவிட்டதையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டவன்.

கொழும்புத் தமிழ் இளைஞன் என்றால் வெள்ளவத்தை இளைஞன் மட்டுமா என்பது எஞ்சிநிற்கும் வினா. நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனை இருக்கின்றது. துறைமுகத்தை அண்டிய அப்பகுதியில், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் மணியோசையும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் மணியோசையும் ஒரே காற்றில் கலக்கும் சந்துகளில், இருபதுகளில் நிற்கும் எத்தனையோ பேர் வாழ்கின்றனர். புறக்கோட்டைக் கடைகளில் சிப்பந்திகளாக நிற்பவர்கள். மலையகத்துத் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். கடை சாத்திய பின் நால்வர் படுக்கும் அறைக்குத் திரும்பும் அவ்விளைஞனுக்கும் மனம் உண்டு. அவனும் கடலைப் பார்க்கின்றான். அவனுக்கும் மறக்கவொண்ணாத ஒருத்தி இருக்கக்கூடும். அவனது அகவுலகை விரித்துரைக்கும் நாவலை ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பதற்கு முன், தமிழிலே நாம் போதிய அளவில் எழுதியிருக்கின்றோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் ஒன்றாக்கிய நாளும் ஒன்றுண்டு. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் இவ்விரு பகுதிகளிலும் வேறு சில இடங்களிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அகற்றினர். மறுநாள் உயர்நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது. வெளிநாடு செல்லக் காத்திருந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லாரும் அங்கிருந்தனர். அந்த அதிகாலையில் எவரது வர்க்கமும் கேட்கப்படவில்லை. அடையாள அட்டையே கேட்கப்பட்டது. சொந்த வீட்டில் உறங்கியவன் விழித்துச் செய்தியாகப் படித்தான். லொட்ஜ் பாயில் படுத்தவன் பஸ்ஸில் இருந்தான். இனவொடுக்குமுறை தமிழர் யாவரையும் தொடுகின்றது, ஆயினும் யாவரையும் ஒரே இடத்தில் தொடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆகவேதான் கொழும்பு இளைஞனின் அகத்தை எழுதுபவன் இன்னார் என்பதும், அவன் எந்தக் கட்டிலில் படுத்துச் சிந்திக்கின்றான் என்பதும் விமர்சனத்துக்குரிய வினாக்களாகின்றன.

நம் அகத்திணை மரபு தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டாது. எனினும் நிலத்தையும் பொழுதையும் கருப்பொருளையும் மறவாது கூறும். அங்கே உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் கருப்பொருளுள் அடங்கும். உள்ளத்தைப் பாட வந்தவன் தொழிலைச் சொல்லாமல் விடலாகாது என்பது அவ்விலக்கணத்துள் அடங்கிய உண்மை. தன்னுணர்வு எழுத்தை ஒதுக்கும் முற்போக்காளருக்கும், சமுதாயத்தை ஒதுக்கும் தூய இலக்கியவாதிக்கும் ஒருசேர விடையளிப்பதாக இது அமைகின்றது.

ஆதலால் இந்நாவலை நமது உயர்தர வகுப்பு மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் படிக்கவேண்டும் என்றே நாம் பரிந்துரைக்கின்றோம். ஆங்கிலம் இடர்ப்பாடாயின் ஆசிரியர்கள் கதையையும் சில பகுதிகளையும் தமிழில் எடுத்துரைக்கலாம். படித்தபின் மாணவரைத் தம் வாழ்வின் ஒரு நாளைப் பற்றி எழுதச் சொல்லுவோம். அவர்கள் தமது ஏக்கங்களையும் ஐயங்களையும் தாராளமாக எழுதட்டும். அதற்குத் தடைபோடுவது நம் வேலையன்று. ஆனால் அந்த ஒரு நாளைத் தாம் வாழ்வதற்கு யார் யார் உழைத்தார்கள், அதிகாலையில் அடுப்பை மூட்டியவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன, அவர் அன்றைக்குப் பேசிய சொற்கள் எவை என்பதையும் அதே ஏட்டில் எழுதுமாறு கேட்போம். அவ்வாறு எழுதும் பிள்ளைகளுள் ஒருத்தி, ராணியின் மகளாகவோ கொட்டாஞ்சேனைக் கடைச் சிப்பந்தியின் தங்கையாகவோ இருப்பாளாயின், கிருஷனின் நாவலில் விடுபட்ட பகுதி தமிழிலேயே எழுதப்படத் தொடங்கும்.